தேன் வேண்டாத பூச்சி

ஆவுடையப்பருக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய குரு உலகம்மையாருக்கு நாற்பது.

ஏழு குருமாரிடம் பாடம் கேட்டுவிட்டு, எட்டாவதாக அந்த மலை ஆசிரமத்துக்கு வந்தவர் ஆவுடையப்பர். வரும்போது இரண்டு மூட்டை புத்தகம் கொண்டுவந்தார். மூன்று வருஷத்தில் அது ஐந்து மூட்டை ஆகிவிட்டது.

ஒரு நாள் காலையில் கீழூரிலிருந்து மாடத்தி என்கிற பெண் ஏறி வந்தாள்.

"சாமி, எங்க ஊர்ல எழுத்துத் தெரிஞ்ச ஆளே இல்ல. போன வாரம் என் வீட்டுக்காரர் முட்டிக்குத் தேய்க்கிற தைலத்தைக் குடிச்சிட்டு, குடிக்கிற கஷாயத்தை முட்டியில தேய்ச்சிட்டாரு. பிழைச்சதே பெரிசு. இப்பவும் ஏப்பம் விட்டா வீடே தைலம் மணக்குது. நீங்க வந்து நாலு எழுத்து சொல்லித் தரணும்."

உலகம்மையாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆவுடையப்பர் சிரிக்கவில்லை.

"எனக்கே இன்னும் பாடம் முடியவில்லை, தாயே. ஒரே ஒரு நூல் பாக்கி. முடித்துவிட்டு வருகிறேன்."

"போன தடவையும் இதத்தான சொன்னீங்க!"

"இருபது நாள் கழித்து வா, மாடத்தி" என்று குரு அவளை அனுப்பிவைத்தார்.

அவள் தலை மறைந்ததும் ஆவுடையப்பர் கேட்டார். "அம்மா, உண்மையிலேயே கேட்கிறேன். எவ்வளவு கற்றால் போதும்?"

உலகம்மையார் அவரைக் கொய்யா மரத்தடிக்கு அழைத்துப் போனார். கிளையில் சுருண்ட இலைக்குள் பழுப்பு நூலால் பின்னிய கூடு ஒன்று தொங்கியது. போன மாதம் அந்தக் கிளையை ஒரு புழு மொட்டையடித்திருந்தது. பெருவிரல் பருமன், இளம்பச்சை உடம்பு, மேலே மாவு தூவினாற்போல வெள்ளை. அதுதான் இப்போது உள்ளே கிடந்தது.

"இதிலிருந்து வருவதை வயிறு வாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பேசலாம்."

மூன்றாம் நாள் காலை கூட்டைத் துளைத்துக்கொண்டு அது வெளியே வந்தது. முதலில் கசங்கிய ஈரத்துணி மாதிரி தொங்கியது. வெயில் ஏற ஏறச் சிறகு விரிந்தது. விரிந்தால் ஒரு சாண் அகலம். செம்மண் நிறம். நடுவே கண்ணாடி பதித்த மாதிரி முக்கோணங்கள். மேல்சிறகின் நுனி இரண்டும் அசல் பாம்புத்தலை. ஆவுடையப்பர் ஓரடி பின்வாங்கினார்.

பிறகு ஓடிப்போய்த் தொன்னையில் தேன் கொண்டுவந்தார். பூச்சி திரும்பிப் பார்க்கவில்லை. கருப்பட்டித் தண்ணீர் வைத்தார். கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து வைத்தார். எல்லாவற்றையும் எறும்புகள் சாப்பிட்டன.

மறுநாள் சாயங்காலம் எங்கிருந்தோ வாசம் பிடித்துக்கொண்டு ஓர் ஆண் பூச்சி வந்தது. ஆவுடையப்பர் அதற்கும் ஒரு தொன்னை வைத்தார். அதுவும் சீந்தவில்லை.

அடுத்த நாள் பெண் பூச்சி இலைக்கடியில் முட்டையிடத் தொடங்கியது. ஆவுடையப்பர் பொடி எழுத்துப் படிக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து அதன் முகத்தருகே பிடித்தார். பார்த்தவர் அப்படியே கிணற்றடிக்கு ஓடினார். குரு அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அதற்கு வாயே இல்லை!"

"ஆமாம்."

"தெரிந்துகொண்டேதான் என்னை ஓடவிட்டீர்களா?"

"தேன் வைக்கச் சொன்னது யார்? வயிறு வாடாமல் பார்க்கத்தான் சொன்னேன்."

"பட்டினி கிடந்து சாகுமே!"

"இப்போது என்ன செய்கிறது?"

"முட்டையிடுகிறது. நூறுக்கு மேல் இருக்கும்."

"பட்டினி கிடக்கிற உடம்பு செய்கிற வேலையா அது?"

"பிறகு எதைத் தின்று இதெல்லாம் செய்கிறது?"

"கொய்யா இலை."

"இலையை அது தொடவே இல்லையே."

"இப்போது தொடவில்லை. புழுவாக இருந்தபோது தின்றதே, அது போதாதா?"

ஆவுடையப்பர் மரத்தடிக்குத் திரும்பி, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரத்தில் பூச்சி சருகு மாதிரி உதிர்ந்தது. அடுத்த வாரம் முட்டைகள் வெடித்தன. எள்ளளவு புழுக்கள் முதலில் முட்டை ஓட்டைத் தின்றன, பிறகு இலையில் வாய் வைத்தன. "தின்னுங்கள், தின்னுங்கள்! இதுதான் உங்களுக்குக் காலம்" என்றார் ஆவுடையப்பர். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் குரு பார்த்தார்.

மாடத்தி வந்தபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். கையில் ஒரு பெட்டி சாக்கட்டி மட்டும் இருந்தது.

"மூட்டையெல்லாம் எங்க சாமி? தலையில தூக்க ஆள் கூட்டி வந்திருக்கேனே."

"இங்கேயே இருக்கட்டும்."

பத்தடி இறங்கியவர், முகம் வாடித் திரும்பி வந்தார்.

"அம்மா, கடைசியாக ஒரே ஒரு சந்தேகம். அவர்கள் எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டுவிட்டால் என்ன செய்வேன்?"

"தெரியாது என்று சொல்லுங்கள்" என்றார் உலகம்மையார். "உங்களுக்குத்தான் வாய் இருக்கிறதே!"