இரண்டரை டிக்கெட்

நாமக்கல்லைத் தாண்டி, பெரிய ரோட்டோரம் ஒரு மடம் இருந்தது. காஷ்மீர் வரைக்கும் போகிற ரோடு அது. மடத்தில் குரு ஒருத்தர், சீடர் ஒருத்தர். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு, நாற்பதை ஒட்டி.

சீடர் பேர் மாசிலாமணி. கொஞ்ச நாளாகவே அவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கண்ணை மூடி உட்காருவார். ஹாரன் சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுவார். டீக்கடையில் நிற்கிற லாரி டிரைவர்களிடம், வடக்கே போக எவ்வளவு ஆகும் என்று விசாரிப்பார். “சாமி இன்னைக்கு எந்த ஊர் வரைக்கும் போயிட்டு வந்தீங்க?” என்று டீக்கடைக்காரர் கேலி பேசுவார். திரும்பி வந்து உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் குரு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மாசிலாமணி எதிரே வந்து நின்றார்.

“சாமி, காஷ்மீர் வரைக்கும் போகணும்னு இருக்கு. சொப்பனத்துலகூட ரோடுதான் வருது. போகலாமா?”

“எதுல போறதா இருக்கே?”

“அதுதான் முடிவு பண்ண முடியலை. ரயில் மலிவு. ஆனா பாதி ஊரு நாம தூங்கும்போதே ஓடிப்போயிரும். லாரின்னா நாக்பூர் வரைக்கும் ஐந்நூறு கேக்கிறான். வழியில சமையலுக்குக் கூடமாட இருந்தா அதுவும் வேண்டாங்கிறான்.”

“உன் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்துட்டா சொன்னான்?”

மாசிலாமணி சிரிக்கவில்லை.

“பஸ்ஸுலயே மாறி மாறிப் போகலாம்னும் தோணுது. நெனைச்ச எடத்துல இறங்கலாம். ஆனா செலவு ஏறுது. ஒருநாள் ஒண்ணு சரின்னு படுது, மறுநாள் இன்னொண்ணு. போகாட்டா மண்டை வெடிச்சிரும்போல இருக்கு சாமி.”

“சரி, நானும் வர்றேன்,” என்றார் குரு. “பஸ்ஸுக்கே கணக்குப் போடு. பெங்களூர் வரைக்கும் மொத்தம் என்ன ஆகும்?”

மாசிலாமணி யோசிக்கவே இல்லை. “ஆளுக்கு இருநூத்தி அறுபது. ரெண்டரை டிக்கெட்டுக்கு அறுநூத்தி அம்பது.”

“நீ ஒண்ணு. நான் ஒண்ணு. அரை யாருக்கு?”

ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மாசிலாமணி திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“மகளுக்கு,” என்றார்.

மகள் ஒருத்தி இருப்பதை அவர் மடத்தில் சொன்னதே இல்லை.

“பேரு?”

“செண்பகவல்லி. கோவில்பட்டியில எங்க அக்கா வீட்டுல இருக்கா. அங்கேயும் இதே ரோடுதான். இது எங்க போய் முடியும்ப்பான்னு கேட்டுக்கிட்டே இருப்பா. ஒருநாள் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்னு சொல்லியிருந்தேன். அவ அம்மா செத்த வருசம் விட்டுட்டு வந்துட்டேன். அப்ப ஏழு வயசு.”

“இப்போ?”

மாசிலாமணி விரல் விட்டு எண்ணினார். பாதியில் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

“பதிமூணு.”

“அரை டிக்கெட் பன்னிரண்டோட சரி. முழுசா வாங்கணும்.”

மாசிலாமணி கீழே கிடந்த கீரைக் காம்பை எடுத்துத் துண்டு துண்டாக ஒடித்துக்கொண்டிருந்தார்.

“கோவில்பட்டிக்கு எவ்வளவு டிக்கெட்?” என்று கேட்டார் குரு.

“தெரியலை சாமி.”

“இத்தனை பேர்கிட்ட விசாரிச்சியே?”

“தெக்க போற வண்டியில கேட்டதில்லை.”

குரு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனார். கொடியில் கிடந்த மாசிலாமணியின் வேட்டி துண்டை மடித்து ஒரு பையில் போட்டு எடுத்து வந்து, அவர் மடியில் வைத்தார்.

மாசிலாமணி பையைத் தோளில் மாட்டினார். கழற்றினார். மறுபடியும் மாட்டினார்.

“அக்கா திட்டுவா. திட்டட்டும். இவ என்னை யாருன்னு கேட்டுட்டா? மூஞ்சியப் பார்த்து, உன்கூட எங்கேயும் வரமாட்டேன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன் சாமி?”

“அதைச் சொல்றதுக்காவது அவ முன்னால ஒரு ஆள் நிக்கணும் இல்லையா,” என்றார் குரு.