மொழுக்கனின் மேற்பார்வைக் கூலி

ஒரு காட்டு ஓடையில் மொழுக்கன் என்ற நீர்நாயும் அதன் மனைவி சிலுப்பியும் சேர்ந்து ஒரு கல்லணை கட்டியிருந்தன. நாள்தோறும் இருபது மீன்கள் அதில் வந்து விழும். சேற்றை அள்ளுவதும், சரிந்த கல்லை அடுக்குவதும் சிலுப்பி. பாறையில் மல்லாந்து படுத்து, "ம்... வாங்க, வாங்க!" என்று மீன்களை அதட்டுவது மொழுக்கன்.

அதற்குப் பெயர் மேற்பார்வை. கூலி, பதினாறு மீன்! மொழுக்கனே வைத்த கூலி அது. மிச்சம் நாலு மீனில் சிலுப்பியும் இரண்டு குட்டிகளும் காலம் தள்ளின.

ஒருநாள் இருவருக்கும் ஒத்துவராமல் போய், பிரிவதென்று முடிவாயிற்று. ஜோடி பிரிந்தால், அணையை வைத்துக்கொள்பவர் கூலி போக மிஞ்சுவதில் பாதியைத் தினமும் மற்றவருக்குத் தர வேண்டும். அதுதான் அந்த ஓடையின் வழக்கம். பஞ்சாயத்துக்கு எருமை வந்தது. அந்தப் பக்கத்தில் மீன் தின்னாத நாட்டாமை அது ஒன்றுதான்.

"அணை எனக்கு!" என்றது மொழுக்கன். "என் கூலி போக மிச்சம் நாலு. பாதி ரெண்டு. ரெண்டு மீனை வாங்கிக்கிட்டு நடையைக் கட்டு!"

இரண்டு மீன், மூன்று வயிறு. சிலுப்பி விரல் விட்டு எண்ணிப் பார்த்தது. மறுபடியும் எண்ணியது. எத்தனை முறை எண்ணினாலும் ஒரு வயிறு பட்டினி. சிலுப்பிக்குக் கூட்டத்தில் பேசவே கூச்சம். இருந்தாலும் மெல்ல வாய் திறந்தது.

"நாட்டாமை, அணை என்கிட்ட இருக்கட்டும். அந்த ரெண்டு மீனை நான் இவருக்குக் கொடுத்துடறேன்."

மொழுக்கன் விழுந்து விழுந்து சிரித்தது. "மேற்பார்வைக்கு யாரு? பதினாறு மீனுக்கு ஆள் வைப்பியா?"

என்ன கூலி வேண்டும் என்று சிலுப்பி பக்கத்திலிருந்த தவளையிடம் கேட்டது.

"படுத்துக்கிட்டுக் கத்தணுமா?" என்றது தவளை. "அதை நான் சும்மாவே செய்யறேனே! அங்கே பறக்கிற கொசு போதும்!"

மொழுக்கனுக்குக் கண் பிதுங்கியது. "அப்போ இருபதும் மிச்சமா? பாதி பத்து! எனக்குப் பத்து வேணும்!"

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "மேற்பார்வைக்கு மீனே வேண்டாம்னு நீயே ஒத்துக்கிட்ட!"

"ஆனா இருபது இல்லீங்க," என்றது சிலுப்பி. "சேறு அள்ளக் கூலி கழிக்கணும்."

"இத்தனை நாளும் ஓசியிலதானே அள்ளினே?" என்றது மொழுக்கன்.

"வெளியாள் என்ன கேட்பான்?" என்று எருமை, கரையில் சேறு தோண்டிக்கொண்டிருந்த நண்டைப் பார்த்தது.

"நாலு மீன்," என்றது நண்டு. "நாத்தம் ஜாஸ்தின்னா மேல ஒரு வால்!"

"நாலு போகப் பதினாறு. ஆளுக்கு எட்டு," என்றது எருமை. "மொழுக்கா, சேறு அள்ளறதானா அணையை நீயே வெச்சுக்க. எட்டை அவளுக்குக் கொடு."

"சேறா? எனக்குத் தும்மல் வரும்!"

அணை சிலுப்பிக்குப் போனது. கூலி நாலு, பங்கு எட்டு. குட்டிகள் அன்று வயிறு முட்டத் தின்றன.

"எட்டு மீன் எனக்கு எந்த மூலைக்கு?" என்று மொழுக்கன் புலம்பியது.

"பத்தலேன்னா என்னோட சேறு அள்ள வாங்க, அண்ணே!" என்றது நண்டு. "வாலை நீங்களே வெச்சுக்கலாம்!"

சொத்தைப் பங்கு பிரிக்கும்போது கழிக்க வேண்டியது அவரவர் தமக்கு வைத்துக்கொண்ட கூலியை அல்ல, அதே வேலைக்கு அடுத்தவர் கேட்கும் கூலியை.