கண்ணாடிப்பாசி பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில் ஏரிப்பாசிக்கும் பேச்சு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உயிர்தான். ஆனாலும் கரையில் நின்றால் அது பேசுவது கேட்கும். அப்போது அதற்கு ஓடு கிடையாது. செத்தால் தண்ணீரோடு கரைந்துபோகும்.

மலைமேல் ஓர் ஏரிக்கரையில் சின்னக் குடியிருப்பு ஒன்று இருந்தது. அதற்குத் தலைவன் வேட்டன். பஞ்சத்தில் சொந்த ஊரை விட்டு வந்த எயினி என்பவள், கைக்குழந்தையோடு அங்கே ஒதுங்கினாள். அவள் வந்த கொஞ்ச நாளில் ஏரித்தண்ணீர் கசந்தது. மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் வாந்தி எடுத்துப் படுத்தார்கள். வேட்டனின் மகன் இறந்தே போனான்.

"நீ காலடி வைத்த பிறகுதான் தண்ணீர் கெட்டது. போய்விடு," என்றான் வேட்டன்.

"நான் எதுவும் செய்யவில்லை ஐயா. இந்த மழையில் பிள்ளையோடு எப்படி மலை இறங்குவேன்? ஏரியில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்."

கேட்டார்கள். மீன், தான் இந்த வருஷம் பிறந்ததாகச் சொன்னது. கொக்கு, மழையோடுதான் வந்ததாகச் சொன்னது. பாசி மட்டும் தெரியும் என்றது.

"இவள் வருமுன்பே தண்ணீர் மாறத் தொடங்கிவிட்டது. தினை விதைக்க மேல்காட்டை எரித்தீர்களே, அந்தச் சாம்பல் இங்கே இறங்கியது. எங்களில் நல்ல தண்ணீரில் மட்டும் வாழும் இனங்கள் அப்போதே செத்துவிட்டன."

காட்டுக்குத் தீ வைத்தவன் வேட்டன்தான். அவன் முகம் இறுகியது. "செத்தவர்களைக் காட்டு."

"கரைந்துபோனார்கள். காட்ட எதுவும் இல்லை."

"அப்படியானால் பேசாதே."

அன்றே எயினியைத் துரத்தினார்கள். மழை விடவில்லை. தேனெடுக்கப் போனவர்கள், கணவாயில் ஒரு பாறையடியில் அவள் விறைத்துக் கிடந்ததைப் பார்த்தார்கள். குழந்தையை மார்போடு இறுக்கியிருந்தாள். அதற்கும் உயிர் இல்லை.

செய்தி கேட்ட பாசி, ஏரியின் அடியில் கிடந்த மணலிடம் போனது. "உன் உடம்பில் கொஞ்சம் கொடு. இனி நாங்கள் செத்தாலும் கரையக் கூடாது."

"தருகிறேன். அது உன்மேல் கண்ணாடி ஓடாகிவிடும்," என்றது மணல். "ஆனால் அதற்குள்ளிருந்து குரல் வெளியே வராது. யோசித்துக்கொள்."

"குரல் இருந்தும் அவளைக் காப்பாற்ற முடியவில்லையே," என்றது பாசி. அதுதான் அதன் கடைசிப் பேச்சு. ஒவ்வோர் இனமும் தனக்கென்று ஒரு வடிவில் ஓடு செய்து மூடிக்கொண்டது.

அடுத்த கோடையில் தண்ணீர் இன்னும் மோசமானது. ஒருநாள் காலையில் வேட்டன் தனியாக வந்து முழங்கால் தண்ணீரில் நின்றான்.

"தீயால்தானே?" என்று மெல்லக் கேட்டான். "என் பிள்ளையையும் நான்தானே கொன்றேன்?"

பதில் வரவில்லை. வெயில் ஏறும்வரை நின்றான். செத்த பாசிகளின் ஓடுகள் அவன் கால்களைக் கடந்து மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

பாசி ஓடு செய்துகொண்ட நாள் முதல்தான் ஏரியின் அடிச்சேற்றில் கண்ணாடி ஓடுகள் படலம் படலமாகப் படிகின்றன. தண்ணீர் எப்போது கெட்டது என்று அறிய வருகிறவர்களும் யாரிடமும் விசாரிக்காமல், அந்தச் சேற்றை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து, எந்த இனம் எந்தப் படலத்தோடு நின்றுபோனது என்று பார்க்கிறார்கள்.