சீமைச்சீரகச் சாராயம் கடல் போய் வரும் கதை

அந்தக் காலத்தில், புறாக்கள் மனிதரோடு வாதாடிக்கொண்டிருந்த நாளில், வடகடலோரத்தில் இங்கெர் என்பவள் சாராயம் வடித்துவந்தாள். அவள் வடித்தது நீர்போல் தெளிந்தது, மணமற்றது. அவள் கணவன் தூரே ஒரு மாலுமி. முந்தைய ஆண்டு தென்கடலுக்குச் சென்ற கப்பல் திரும்பவேயில்லை. இவ்வாண்டு அதே வழியில் தூரே புறப்படவிருந்தான்.

இங்கெர் தன் கூரைப் புறாவிடம் கேட்டாள்: "எங்கே பறந்தாலும் இங்கேயே வந்துவிடுகிறாயே, எப்படி?"

"உன் வேலியோரத்துச் சீமைச்சீரகத்தைத் தின்கிறேன். அது தான் விளைந்த மண்ணை நோக்கியே இழுக்கும். இல்லாவிட்டால் இந்த ஒழுகும் கூரைக்கு யார் வருவார்?"

அவள் ஒரு கை விதையைக் கணவனிடம் நீட்டினாள். "தின்றுவிட்டுப் போங்கள், இது வீட்டுக்கு இழுத்து வரும்."

"புறாத் தீனியா? அடுத்து முட்டையிடவும் சொல்வாய் போலிருக்கிறதே!" அவன் சிரித்தபடி அவள் விரல்களை மடக்கிவிட்டுப் போனான்.

கப்பலேறக் காத்திருந்த தன் சாராயப் பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கி, வேலியோரத்து விதை முழுவதையும் அவள் அதனுள் கொட்டினாள். வழியில் குடிப்பான் என்று நம்பினாள். அதுவோ விற்பனைக்குரிய பீப்பாய், மாலுமிகள் தொடக்கூடாதது.

தென்துறை வணிகர் முகர்ந்து பார்த்து முகம் சுளித்தனர். "இது சாராயமா, வயிற்றுவலிக் கஷாயமா?" எவரும் வாங்கவில்லை.

திரும்பும் வழியில் மூடுபனி கவிந்தது. கதிரவனும் விண்மீனும் மறைய, கப்பல் திசையறியாது சுற்றியது. எத்தனை நாள் என்பதில் கதை சொல்வோரிடையே ஒற்றுமை இல்லை. ஏழென்பர் சிலர், நாற்பதென்பர் சிலர். கப்பலை எப்பக்கம் திருப்பினாலும் பீப்பாய் ஒரே திசைக்கு உருண்டது என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை.

ஓசை கேட்டு அடித்தளத்தில் இறங்கிய தூரே பீப்பாயை முகர்ந்தான். மழை நின்றபின் தன் வேலியோரத்தில் எழும் வாசம். இம்முறை அவன் சிரிக்கவில்லை.

"தலைவரே, பீப்பாய் உருளும் பக்கம் திருப்புங்கள்."

"பீப்பாயா எனக்கு வழி சொல்வது?"

"என் வீட்டுக்காரி சொல்கிறாள், ஐயா."

பனி விலகியபோது எதிரே சொந்தக் கரை தெரிந்தது. அலைதோறும் உருண்டு, மரத்தின் பொன்னிறம் ஏறி, விதையின் மணம் ஊறியிருந்த சாராயத்தைத் தூரே தோளில் சுமந்து வந்தான். இங்கெர் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

அன்று முதல்தான் அந்நாட்டார் சீமைச்சீரகச் சாராயத்தை வடித்த கையோடு குடிப்பதில்லை. தென்கடலுக்கு அனுப்பிவிட்டு, அது வீடு திரும்பும்வரை வெறுங்கோப்பையோடு காத்திருக்கிறார்கள்.