கம்பியைப் பிளந்து பார்த்த மரியாதை அதிகாரி

பொழுதுக்கொரு பிடிவாதம் பிடிக்கிற செங்கோவேள் என்ற அரசர் முன்னொரு காலத்தில் சிலம்பூர் நாட்டை ஆண்டார். அவரிடம் அமைச்சராக மாட்டிக்கொண்ட திருமேனியாரை நினைத்தால் எனக்கே பெருமூச்சு வருகிறது.

பாவம், அவர் அரும்பாடுபட்டு ஆற்றில் சக்கரம் போட்டு, அரண்மனைவரை செம்புக் கம்பி இழுத்து, மின்விளக்கு எரிய வைத்தார். மூன்று நாள் ஆகவில்லை. அவையில் யாருக்கு எங்கே இடம் என்று வகுக்கும் மரியாதை அதிகாரி ஆதிமூலருக்கு அமைச்சர் வாங்கிய பெயரைக் கண்டு வயிறு எரிந்தது. சக்கரத்தை நிறுத்தினார், கம்பியை வெட்டிப் பிளந்து அரசரிடம் நீட்டினார்.

"பாருங்கள் மன்னா! உள்ளே எண்ணெயும் இல்லை, நெருப்பும் இல்லை. அமைச்சர் ஏமாற்றுகிறார்!"

"அப்படியானால் மின்சாரம் எதனால் ஆனது, திருமேனியாரே?"

"எத்தனை தடவைதான் சொல்வது மன்னா..."

"சொல்ல வேண்டாம், காட்டும்! நாளை மாலைக்குள் காட்டாவிட்டால் நாட்டை விட்டே போய்விடும்!"

மறுநாள் அமைச்சர் அவையோரை வட்டமாக, ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார். முன்னால் நிற்பவர் தோளில் கை வைக்கச் சொன்னார். பிறகு ஒரு மல்லனை அழைத்து, வட்டத்தில் ஒருவரைத் தள்ளச் சொன்னார். நாலு பேர் தள்ளாடினார்கள், அவ்வளவுதான். ஆதிமூலருக்கு முன்னால் நின்றவர் தலைமைச் சமையற்காரர். அவர் தோளைத் தொடுவதா என்று ஆதிமூலர் ஒரு முழம் தள்ளி நின்றிருந்தார்.

"என்னய்யா இது, யாருமே நகரக் காணோம்!" என்று கத்தினார் அரசர்.

"ஆதிமூலர் விட்ட இடைவெளி மன்னா. நேற்று கம்பியை வெட்டியதும் இப்படித்தான். இடையில் அறுந்தால் ஓட்டம் ஏது?"

அரசர் முறைத்த முறைப்பில் ஆதிமூலரின் கை சமையற்காரர் தோளில் விழுந்தது. மல்லன் மறுபடி தள்ளினான். கண்மூடித் திறப்பதற்குள் வட்டம் முழுதும் நகர்ந்தது. எதிர்ப்பக்கம் நின்ற தளபதி, அருகில் நின்று பார்த்த அரசர் மேலேயே சாய்ந்தார்.

"தள்ளியது அங்கே, விழுந்தது இங்கேயா?"

"ஆளை யாரும் புதிதாகக் கொண்டுவரவில்லை மன்னா. எல்லாரும் முன்பே நின்றார்கள். செம்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான் துகள்கள் எண்ணிலடங்காமல் இருக்கின்றன. சக்கரம் தள்ளுகிறது, அவை நகர்கின்றன. அந்த ஓட்டம்தான் மின்சாரம்."

"அவை எரிந்து தீர்ந்துவிடாதா?"

"இவர்களில் யாராவது தீர்ந்தார்களா? மூச்சு வாங்குவது தள்ளிய மல்லனுக்குத்தான். கம்பியில் அந்த உழைப்பு ஆற்று நீருடையது."

அரசர் கைகொட்டிச் சிரித்தார். "ஆதிமூலரே, கம்பியை உமது கையாலேயே ஒட்டும். இனி அவையில் உமது இடம் சமையற்காரருக்குப் பின்னால்! அமைச்சரே, என்ன பரிசு வேண்டும்?"

"ஒரு மாதத்துக்கு என்னை எதுவும் கேட்காமல் இருங்கள் மன்னா."

"அப்படியே ஆகட்டும்!"

கம்பி ஒட்டியது, சக்கரம் மறுபடி சுழன்றது, விளக்கு எரிந்தது. அரசர் அதையே உற்றுப் பார்த்தார்.

"அது சரி திருமேனியாரே, இந்த வெளிச்சம் எதனால் ஆனது?"