மீன் வேண்டாத சரிவு

கடல் கடந்து வந்த ஆங்கிலேயர்கள் அமெரிக்காவின் கீழைக்கரையில் குடியேறி ஒரு பனிக்காலம் ஆகியிருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் தொண்ணூறு பேர். பனி உருகியபோது நாற்பத்தொன்பது பேர் இருந்தார்கள்.

செத்தவர்களை வீடுகளுக்குப் பின்னாலிருந்த சரிவில் புதைத்தார்கள். கல் நடவில்லை. பெயர் எழுதவில்லை. மண்ணைத் தரையோடு தரையாக மட்டப்படுத்தினார்கள். எத்தனை பேர் குறைந்திருக்கிறார்கள் என்பது காட்டுக்குள் இருக்கும் பூர்வகுடிகளுக்குத் தெரியக் கூடாது.

ஓய்வுநாளில் பறை ஒலிக்க, மூன்று மூன்று பேராக ஜெபக்கூடத்துக்கு நடந்தார்கள். ஆண்கள் குறைவாகத் தெரியக் கூடாதென்று சில பெண்கள் செத்தவர்களின் கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டார்கள். ஆணின் உடையைப் பெண் உடுத்துவது அருவருப்பு என்று வேதத்தில் இருக்கிறது. மூப்பர் அந்த வருடம் அந்த அதிகாரத்தை வாசிக்கவில்லை.

கொண்டுவந்த கோதுமை முளைக்கவில்லை. அந்தக் கரையின் பூர்வகுடிக்காரரான கெனோமத் மக்காச்சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தார். ஆங்கிலேய மீன்பிடிக் கப்பல்காரர்கள் முன்பு அவரைப் பிடித்துப் போயிருந்தார்கள். ஆறு வருடம் கழித்து அவர்களுடைய மொழியோடு திரும்பி வந்தார். அவரிடம் கற்றுக்கொள்ள நெசவுக்காரன் ஒபதியாவைச் சபை அனுப்பியது. மாணவனுக்கு ஐம்பது வயது. ஆசானுக்கு முப்பதைத் தாண்டியிருக்காது.

"அழுத்தித் தோண்டு. துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரி மண்ணைத் தடவுகிறாய்."

"நான் நெய்கிறவன்."

"அது எனக்குத் தெரியும். சோளத்துக்குத் தெரியாது."

ஆற்றோர வயலை நான்கு நாளில் முடித்தார்கள். மண்ணைச் சிறு குவியலாகக் கூட்டி, அடியில் இரண்டு மீன், மேலே நான்கு விதை. மீன் அழுகித்தான் அந்த மண் எதையும் தரும் என்று கெனோமத் சொல்லியிருந்தார்.

ஐந்தாம் நாள் சரிவில் விதைக்கச் சொல்லித் தளபதி ஹாலட்டிடமிருந்து உத்தரவு வந்தது. சோளம் வளர்ந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது என்பது அவருடைய யோசனை.

ஒபதியா மீன் கூடையை மேலே இழுத்துவந்தான். கெனோமத் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். முகர்ந்தார். எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"கூடையைக் கீழே கொண்டுபோ. இங்கே மீன் வேண்டாம்."

ஒபதியாவின் கை கூடையின் விளிம்பிலேயே நின்றுவிட்டது.

"ஏன் வேண்டாம்?"

கெனோமத் குழிக்கோலை விரற்கணு ஆழத்துக்கு மேல் இறக்காமல் குழி போட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் குழி போடாமல் சுற்றிக்கொண்டு நடந்தார். அங்கேதான் ஒபதியாவின் மகள் பேஷன்ஸ் கிடந்தாள்.

மாலையில் தளபதி கூடையைப் பார்த்தார்.

"நிறைந்தபடி திரும்பி வருகிறதே?"

பொய் சொல்வது பாவம். ஒபதியா நடந்ததைச் சொன்னான்.

ஹாலட் கூடையில் கிடந்த மீனின் கண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அடியில் அழுகுவதற்கு என்ன கிடக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நாளை அவன் மேற்கேயிருக்கிற தலைவனிடம் நமக்காகப் பேசப் போகிறான். அந்தத் தலைவன் கையில் அறுநூறு வில். நம்மிடம் துப்பாக்கி தூக்கத் தெம்புள்ளவர்கள் எத்தனை பேர், சொல்லும்."

"பத்தொன்பது."

"உம்மையும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

"அப்படியானால் பதினெட்டரை. நாளை நீரும் அவனோடு போம். வழியில் கேளும். எண்ணிக்கை அவனுக்குத் தெரியும் என்றால், அவன் அங்கே போய்ச் சேரக் கூடாது."

"அவன் எனக்குக் கற்றுக்கொடுக்கிறவன்."

"கற்றவரை போதும்."

காலையில் ஒபதியா துப்பாக்கித் திரியைப் பற்றவைத்துக்கொண்டு கிளம்பினான். திரியில் நெருப்பு இருந்தால்தான் அந்தத் துப்பாக்கி வெடிக்கும். காட்டில் கரடி உண்டு என்று சொன்னான். கெனோமத் சரி என்றார்.

பாதை ஒற்றையாள் அகலம்தான். அவர் முன்னால் நடந்தார். கையில் கத்திகூட இல்லை. அவருடைய பிடரி ஒபதியாவுக்கு நேராக, பத்தடி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒபதியா மனதுக்குள் ஜெபம் செய்ய ஆரம்பிப்பான், பாதியில் விட்டுவிடுவான். மரங்களுக்கிடையே எது அசைந்தாலும் திரியை ஊதிக் கனிய வைத்துக்கொண்டான்.

ஓடையைத் தாண்டியதும் கெனோமத் தெற்கே திரும்பினார்.

"மேற்குப் பாதை அது இல்லையா?"

"அதுதான். முதலில் இங்கே ஒரு வேலை."

"என்ன வேலை? யார் இருக்கிறார்கள் அங்கே?"

"என் ஊர்."

ஒபதியா துப்பாக்கியை இறுகப் பிடித்தான். ஊர் முழுக்க வில்லோடு காத்திருப்பதாக நினைத்தான். இப்போதே சுட்டுவிடலாமா என்று நினைத்தான். சுடாமல் நடந்தான்.

உச்சி வேளையில் மரங்கள் விலகின. பெரிய வெளி. இடுப்பளவு புல். வளைத்துக் கட்டிய கம்புகள் வீடுகளின் வடிவத்தில் நின்றன, மேலே போர்த்திய மரப்பட்டை இல்லாமல். ஒரு மனிதர்கூட இல்லை. ஒபதியா பத்தடி எடுத்து வைத்தான். காலடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தான். விலா எலும்பு. பக்கத்தில் இன்னொன்று. புல்லை விலக்கினான். விலக்கிய இடமெல்லாம் இருந்தது.

"எண்ணு" என்றார் கெனோமத்.

"என்ன இது?"

"கப்பல்காரர்கள் என்னைக் கொண்டுபோன பிறகு கரைக்கு ஒரு காய்ச்சல் வந்தது. தண்ணீர் எடுக்கப் போனவர்கள் ஓடையருகே செத்தார்கள். அவர்களைத் தூக்கப் போனவர்கள் அவர்கள் மேலேயே விழுந்தார்கள். நான் திரும்பி வந்தபோது நாய்கூட இல்லை. எண்ணு."

ஒபதியா பதினாறு மண்டையோடுகள்வரை எண்ணினான். பதினேழாவது கைக்குள் அடங்குகிற அளவு. நிறுத்திவிட்டான்.

கேட்க வேண்டியதைக் கேட்டான். 

"எங்கள் சரிவில் எத்தனை என்று உனக்குத் தெரியுமா?"

"நாற்பத்திரண்டு."

"நாற்பத்தொன்று" என்றான் ஒபதியா. சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

"குழந்தையைச் சேர்க்கவில்லையா?"

 பேஷன்ஸ் வயிற்றுப் பிள்ளையோடு போனாள் என்பது பெயர்ப்பட்டியலில் இல்லை. ஞானஸ்நானம் பெறாத உயிரைச் சபை எழுதுவதில்லை.

"உன் மகள் முன்பு மெதுவாக நடப்பாள், முதுகில் கை வைத்துக்கொண்டு. பிறகு அவளைக் காணவில்லை. வரிசையில் தொப்பி மாறும், நடை மாறாது. கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாரமும் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் பெரிய கணக்கா?"

"மேற்கே இருப்பவர்களுக்குத் தெரியுமா?"

"போன மாதம் கேட்டார்கள். எல்லோரும் இருக்கிறார்கள், நன்றாகச் சாப்பிடுகிறார்கள், பாட்டுத்தான் சகிக்கவில்லை என்று சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னாய்?"

"அவர்கள் இந்த வெளியைப் பார்த்தவர்கள். கரையில் மறுபடியும் சாவு விழுகிறது என்று தெரிந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். கால் போகிற தூரம்வரை ஓடிப்போவார்கள், உங்களுக்கு விதை தர ஆள் இருக்காது. இல்லையென்றால் காற்று கடலைப் பார்த்து வீசுகிற நாளில் வந்து, உங்களை வீட்டோடு கொளுத்துவார்கள். எதைச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கே தெரியாது. அவ்வளவு பயம்."

"எங்களைப் பார்த்தா?"

"உங்கள் இருமலைப் பார்த்து."

புல் அசைந்தது. ஒபதியா சட்டென்று துப்பாக்கியைத் தூக்கினான். காற்றுதான். துப்பாக்கி தூக்கியபடியே இருந்தது. அதன் வாய்க்கு நேராக இப்போது கெனோமத்தின் மார்பு.

"நீ சொல்வது உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"நாளை நீ மாற்றிச் சொன்னால்? எங்களில் நாற்பத்தொன்பது பேர்தான் மிச்சம். எட்டுக் குழந்தைகள் இருக்கிறார்கள்."

"மாற்றிச் சொல்லமாட்டேன் என்று நான் சொன்னால் நம்புவாயா?"

"தெரியவில்லை."

"எனக்கும்தான் தெரியவில்லை, நீ சுடுவாயா மாட்டாயா என்று. அந்தத் திரியின் வாசம் கிளம்பியதிலிருந்து முதுகில் அடிக்கிறது. இந்தப் பக்கம் கரடி கிடையாது. இருந்தும் உனக்கு முன்னால்தானே நடந்து வந்தேன்?"

திரி ஒரு விரல் நீளம்தான் மிச்சமிருந்தது. ஒபதியா அதையே பார்த்தான். தளபதியிடம் என்ன சொல்வது என்று யோசித்தான்.  மேற்கே அறுநூறு வில், பின்னால் எட்டுக் குழந்தைகள். அவனுக்கு முன்னால் சும்மா தொங்கிய இரண்டு கைகள்.

துப்பாக்கியை இறக்கினான். திரியின் நுனியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து நசுக்கினான். தோல் பொசுங்கியது. அணையும்வரை விடவில்லை.

கெனோமத் மூச்சை வெளியே விட்டார்.  அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

ஒபதியாவும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். பிறகு கேட்டான்.

"சுடுவேன் என்று நினைத்தீர் அல்லவா?"

"பாதி வழியிலிருந்து."

"காட்டுக்குள் ஓடியிருந்தால் உம்மை நான் பிடித்திருக்க முடியாது. என்னை ஏன் இந்த இடத்துக்குக் கூட்டிவந்தீர்?"

கெனோமத் வெளியைப் பார்த்தபடி சொன்னார்.

"நீங்கள் கொன்றாலும் புதைக்கிறவர்கள். என்னை இங்கே சுட்டிருந்தால், இந்த ஊர்க்காரன் ஒருவனாவது மண்ணுக்குள் போயிருப்பான்."