ஆதாளிப்பாக்கத்தார் வானம் காத்த கதை

ஆதாளிப்பாக்கத்துக்காரர்களுக்குப் புத்தி கிடையாது என்பார்கள் சிலர். இருக்கிறது, செலவழிக்க மனமில்லாமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பார்கள் மற்றவர்கள். எது எப்படியோ, ஊரை ஒட்டிய பொட்டலில் ஒரு விமான நிலையம் வந்து சேர்ந்தது.

நிலையம் திறந்த கையோடு தமயந்தி என்ற அதிகாரியம்மா ஊருக்கு வந்தார். விமானங்களோடு பேசி அவற்றை ஏற்றி இறக்குகிற கோபுரத்தில் அவருக்கு வேலை. ஊரைக் கூட்டிவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"உங்க ஊருக்கு மேல இருக்கிற வானம் இனிமே எங்க கட்டுப்பாட்டுல இருக்கு. விமானம் தாழ்வா இறங்குற பாதை இது. அனுமதி இல்லாம எதுவும் மேல போகக் கூடாது. அப்படி எதையாவது பார்த்தா உடனே எனக்குப் போன் பண்ணுங்க."

பட்டம், பலூன், டிரோன் என்று விளக்கமும் கொடுத்தார். ஊர் 'எதுவும்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது.

அதிகம் கவலைப்பட்டவர் வேம்புலி. மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அவருடைய மச்சான் சிங்காரவேல் குவைத்திலிருந்து வியாழக்கிழமை விமானத்தில் வருகிறான். என் தம்பி மேல ஒரு தூசி படக் கூடாது என்று மனைவி மரகதம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தூசியும் மேலே போகிற பொருள்தானே என்று வேம்புலி தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்தார்.

அடுத்து, யாரையும் கேட்காமல் மேலே போகிறது புகை என்று அடுப்புகளை அணைத்தார்கள். ஊரே பழைய சோறு தின்றது. சேவல்களின் காலில் செங்கல் கட்டினார்கள். காக்கைகளுக்கு விஷயத்தை எடுத்துச்சொல்லும் பொறுப்பை வேம்புலியின் பங்காளி கன்னியப்பன் ஏற்றுக்கொண்டான். அவன் சொல்லச் சொல்ல, அவை தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுவிட்டுப் பறந்துபோயின. புரிந்துகொண்டு ஊரைக் காலி செய்துவிட்டன என்று திரும்பி வந்து திருப்தியாகச் சொன்னான்.

வியாழக்கிழமை மதியம் ஒரு மேகம் வந்தது. வேம்புலி மொட்டை மாடியில் காவல் இருந்தார். கூடவே கன்னியப்பனும் மளிகைக்கடைத் தீர்த்தமலையும்.

"இது யாரோட மேகம்?" என்றார் வேம்புலி.

"நம்ம ஊர்ல உண்டானதில்லை. கிழக்கே இருந்து வருது" என்றார் தீர்த்தமலை.

"அனுமதி இருக்குமா?"

"இருந்தா சத்தம் போட்டுக்கிட்டு வந்திருக்கும். இது திருட்டுத்தனமா வருது. கீழே இறங்கச் சொல்லுவோம்."

கன்னியப்பன் ஆழ்ந்து யோசித்தான். "இறங்கினா அதுக்குப் பேரு மழை அண்ணே. நிச்சயதார்த்தப் பந்தல் நனைஞ்சுடும்."

பந்தலா மச்சானா என்று வேம்புலி தவித்துக்கொண்டிருந்தபோதே, மேகத்துக்குள்ளிருந்து உறுமிக்கொண்டு வேறொன்று வெளியே வந்தது. அவர் பந்தலை மறந்தார். போனை எடுத்தார்.

"அம்மா, ஊருக்கு மேல ஒண்ணு வருது. வெள்ளையா, பெருசா, ரொம்பத் தாழ்வா வருது. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கல."

எந்தப் பலூன் குறுக்கே வருகிறதோ என்று பயந்துபோன அதிகாரியம்மா, இறங்கவிருந்த விமானத்தை மறுபடி மேலே ஏறச் சொல்லிவிட்டார். விமானம் உறுமிக்கொண்டு திரும்பியது. சனியன் ஒழிந்தது, இனி மச்சான் நிம்மதியாக வரலாம் என்று வேம்புலி நெஞ்சை நிமிர்த்தினார். சற்று நேரத்தில் சனியன் மறுபடி வந்தது. அவரும் மறுபடி போன் செய்தார். போதாததற்குத் துண்டை வீசி விரட்டியும் பார்த்தார்.

ஒருவழியாக விமானம் தரையைத் தொட்டது. சிங்காரவேல் முகம் வெளிறி வீடு வந்தான். ஜன்னல் வழியாகத் துண்டும் கையுமாக மாமாவைப் பார்த்ததாகச் சொன்னான். நான் மட்டும் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று வேம்புலி அவனைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினார்.

பின்னாலேயே அதிகாரியம்மா ஜீப்பில் வந்தார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"விமானம் எங்களைக் கேட்டுத்தான் ஏறும், கேட்டுத்தான் இறங்கும். நாங்க சொல்ற வரைக்கும் மேலேயே வட்டமடிக்கும். ஒரு ஓடுபாதையில ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான். இப்படி இருந்தாத்தான் யாருக்கும் ஆபத்து வராது."

நல்ல ஏற்பாடுதான் என்று ஊர் ஒப்புக்கொண்டது.

மறுநாள் நிச்சயதார்த்தம். தட்டுக்குத் தேங்காய் குறைந்தது. வேம்புலி முறைப்படி போன் செய்து, தென்னை மரத்தில் ஏறலாமா என்று கேட்டார். "தாராளமா ஏறுங்க" என்று அதிகாரியம்மா போனை வைத்துவிட்டார். வேம்புலியும் ஏறினார். உச்சிக்குப் போன பிறகுதான், இறங்க அனுமதி கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. போன் கீழே கட்டிலில் கிடந்தது.

கன்னியப்பன் அதை எடுத்து அதிகாரியம்மாவுக்குப் போட்டுப் பார்த்தான். லைன் கிடைக்கவில்லை. "கிடைக்கிற வரைக்கும் வட்டமடிங்க அண்ணே" என்றான்.

வேம்புலி மட்டைகளைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். தேங்காயைக்கூடக் கீழே போடவில்லை. அதுவும் இறங்குகிற பொருள்தானே.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சம்பந்தி கோதண்டம் பக்கத்து ஊர்க்காரர் என்பதால் சொன்னதும் புரிந்துகொண்டார். தாம்பூலத்தை மேலேயே மாற்றிக்கொண்டால் போச்சு என்று வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் ஏற அனுமதி வேண்டாமா என்று தீர்த்தமலை கேட்டார்.

"அம்மா 'ஏறு'ன்னு சொல்லல, 'ஏறுங்க'ன்னுதான் சொன்னாங்க. எத்தனை பேர் வேணும்னாலும் ஏறலாம்" என்றான் கன்னியப்பன். "ஆனா இந்த மரத்துல ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான். நீங்க பக்கத்து மரத்துல சுத்துங்க சம்பந்தி."

நல்ல நேரம் தவறாமல் சம்பந்தி தட்டோடு பக்கத்து மரம் ஏறினார். கீழே நாதஸ்வரம் முழங்கியது. இருவரும் நேருக்கு நேர் வரும்போதெல்லாம் அவர் தட்டை நீட்டினார். வாங்கக் கை நீட்டுவதற்குள் வேம்புலி அந்தப் பக்கம் போய்விட்டார்.